டிப்பருக்குக் கீழே ஒரு வாளி

இன்று காலை ஒரு முறைப்பாட்டுக்காகப் பொலிஸ் நிலையம் போயிருந்தேன். கள்ள மணல் ஏற்றிப் பிடிபட்ட டிப்பர் ஒன்று வாசலோரம் நின்றது. அடியில் கறுப்பாய் ஒரு வட்டம். எண்ணெய் சொட்டிச் சொட்டி மண் தார் மாதிரி இறுகிக் கிடந்தது.

பத்தடி தள்ளிக் கிணறு.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும். வருடம் முழுக்க ஓடும் ஆறும் எங்களுக்கு இல்லை, குடிப்பது நிலத்தடித் தண்ணீரைத்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மறக்க முடியுமா?

மணலைக் காக்கப் பிடித்த வண்டி தண்ணீரைக் கெடுக்கலாமா? வழக்கு இழுபடும், சரி. அதுவரை நிற்க ஒரு சீமெந்துத் தளமாவது வேண்டும்.

கடமையில் இருந்த தம்பியிடம் சொன்னேன்.

"வழக்கு முடியுமட்டும் வண்டியில கை வைக்கேலாது அண்ணை."

கொஞ்ச நேரத்தில் பழைய பெயின்ற் வாளி ஒன்றைத் தானே தூக்கி வந்து அடியில் வைத்தார்.