ஆர்ஸ் கோயிலில் ஒரு மரத்தொட்டி

பிரான்ஸில், லியோனிலிருந்து வடக்கே 35 கிலோமீட்டர் தூரம்தான் ஆர்ஸ் கிராமம். வில்பிரான்ஷ் வரை ரயில், அப்புறம் சோன் நதியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே சாலை. ஊருக்குள் நுழையும் முன் ஒரு சிலை வரும். அதற்காக அங்கேயே இறங்கி நடந்தேன்.

ஒரு குரு, அவர் பக்கத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன். 1818 பிப்ரவரியில், மூடுபனியில் வழி தெரியாமல் நின்ற புதுப் பங்குச்சாமியார் அந்தப் பையனிடம்தான் ஆர்ஸுக்கு வழி கேட்டார். "நீ எனக்கு ஆர்ஸுக்கு வழி காட்டினாய், நான் உனக்கு மோட்சத்துக்கு வழி காட்டுகிறேன்" என்றார். அன்று அந்த ஊரில் இருந்தவர்கள் சுமார் 230 பேர்.

அந்தக் குருதான் புனித ஜான் மரிய வியான்னி. அவரைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே ஞானோபதேச வகுப்பில் கேட்டிருக்கிறேன். 'லத்தீன் வராத சாமியார்' என்பதுதான் மனதில் நின்றது. ஆனால் அவர் பட்ட பாடு லத்தீனோடு முடியவில்லை. 1786-இல் தார்தியி கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலம். அரசுக்குச் சத்தியம் செய்ய மறுத்த குருக்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 13 வயதில் அவர் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியது கோயிலில் இல்லை, ஒரு வீட்டின் அறையில். மெழுகுதிரி வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னல்களை அடைத்து, அவற்றின் முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தினார்களாம். உயிருக்குத் துணிந்து பூசை வைத்த குருக்களைக் கண்ட கண்கள் அவை. அவருக்குக் குருத்துவ ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் அதற்குமேல் தேடவில்லை.

குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் லத்தீன் பாடம் ஏறவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். எக்குல்லி பங்குச்சாமியார் பால்லேதான் விடாமல் சொல்லிக்கொடுத்து, அவருக்காகப் பரிந்து பேசினார். 1815 ஆகஸ்ட் 13-ஆம் தேதி கிரெனோபிளில் குருப்பட்டம். அப்போதும் பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் குருவிடம் சொல்லும் பாவ அறிக்கை, கேட்க உடனே அனுமதி தரவில்லை. பிறகு அனுமதி வந்தபோது, முதலில் அவர் முன் மண்டியிட்டவர் அந்தப் பால்லே சாமியாரே.

இதை நினைத்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போனேன். முன்பக்கம் அவர் காலத்துப் பழைய சிறு கோயில், அதோடு ஒட்டிப் பிற்காலத்தில் கட்டிய பசிலிக்கா என்ற பேராலயம். கண்ணாடிப் பேழையில் அவர் உடல் இருக்கிறது, முகத்தில் மெழுகு முகமூடி. எல்லோரும் நேரே அங்கேதான் போகிறார்கள். என்னை நிறுத்தியது பழைய கோயிலின் பக்கத்தில் ஸ்நாபக அருளப்பர் சிற்றாலயத்தில் இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டி, குரு உட்கார்ந்து பாவ அறிக்கை கேட்கும் கூண்டு. அலங்காரமே இல்லாத மரம். நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி உட்காரும் அளவு இடம், பக்கத்தில் முழங்காலிடும் பலகை. மெத்தை எதுவும் கிடையாது.

இதற்குள்தான் நாளுக்குப் 16 மணி நேரம் வரை உட்கார்ந்திருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கெல்லாம் எழுந்து வந்துவிடுவார். கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் கால் மரத்துப்போகும். கடைசி வருடங்களில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸ் பயணிகளுக்காக எட்டு நாள் செல்லும் தனி டிக்கெட்டே கொடுத்தார்கள், ஏனென்றால் முறை வர அத்தனை நாள் ஆகலாம். தப்பித்துத் தனிமையில் செபிக்கலாம் என்று அவர் ஊரைவிட்டுப் போக முயன்றதும் உண்டு. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அதே பலகையில் உட்கார்ந்தார்.

பக்கத்திலேயே அவர் வாழ்ந்த வீடு. சமையலறையில் பாத்திரங்கள் அப்படியே இருக்கின்றன. உருளைக்கிழங்கை மொத்தமாக அவித்து வைத்துக்கொண்டு நாள் கணக்கில் அதையே சாப்பிட்டவர். பாவத்துக்குப் பரிகாரமாகப் பாவிகளுக்கு ஏன் இவ்வளவு சிறிய தவம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டவரிடம், சிறியதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியை நான் செய்கிறேன் என்றாராம். அந்தச் சட்டியைப் பார்த்தபோது அந்தப் பதில் எனக்குப் புரிந்தது.

1859 ஆகஸ்ட் 4-இல் இறந்தார். 1925-இல் புனிதர் பட்டம், 1929-இல் பங்குக் குருக்கள் எல்லோருக்கும் பாதுகாவலர்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருடமாக நான் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். அதைச் சொன்னால் 'போய்ப் பேசு' என்பார்கள், எனக்குப் பேச மனமில்லை. அதனால் தொட்டிப் பக்கமே போகாமல், நற்கருணை வாங்காமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பழகிவிட்டேன்.

ஆர்ஸில் இன்றும் பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்கள் இருக்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர். இரண்டு முறை எழுந்து வெளியே போகப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் வயதான சாமியார், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "உன் அண்ணன் பெயர் என்ன?" சொன்னேன். அந்தப் பெயரைத் தன் உச்சரிப்பில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், மறந்துவிடக் கூடாதென்பது போல.

பாவமன்னிப்பு கொடுத்துவிட்டு, தவமாக ஒரே ஒரு பரலோகமந்திரம், இயேசு கற்றுக்கொடுத்த செபம், சொல்லச் சொன்னார்.

கண்ணாடிப் பேழைக்கு முன்னால் போய் முழங்காலிட்டு, தமிழில் சொன்னேன். 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.