வேலா பல்சரின் துடிப்பை வீட்டிலிருந்தே எடுத்த அனுபவம்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம், வேலை முடிந்து வந்து இரவு இரவாக உட்கார்ந்ததில், வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் விண்மீனான பல்சர் ஒன்றின் காமாக் கதிர்த் துடிப்பைக் கண்ணால் பார்த்துவிட்டேன். செய்து பார்க்க ஆசைப்படும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காசு செலவே இல்லை. 2008 ஜூனில் ஏவப்பட்ட நாசாவின் ஃபெர்மி தொலைநோக்கி, தான் பிடிக்கும் ஒவ்வொரு காமா ஒளித்துகளின் நேரத்தையும் திசையையும் ஆற்றலையும் குறித்து வைக்கிறது. அந்தத் தரவை யாரும் இறக்கிக்கொள்ளலாம். நான் தேர்ந்தெடுத்தது வேலா. ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், நொடிக்கு 11 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த விண்மீனின் இறுகிச் சுருங்கிய உட்கரு. வானில் நிலையாக ஒளிரும் காமா மூலங்களில் இதுதான் ஆகப் பிரகாசமானது.

முதலில் வடிகட்ட வேண்டும். ஆற்றல் குறைந்த துகள்களின் திசை பல பாகை சிதறிவிடும் என்பதால், வேலாவைச் சுற்றி 1 பாகைக்குள், 300 மெகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு மேற்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு துகளின் நேரத்தையும் சுழற்சிக் காலத்தால் வகுத்து, மீதியை மட்டும் எண்ணி அடுக்க வேண்டும். சராசரியாக ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் ஆனால்தான் ஒரு துகள் வந்து சேர்கிறது. அப்படி உதிரி உதிரியாக வந்தவற்றை அடுக்கினால்தான் துடிப்பு தெரியும்.

எனக்கு வந்தது ஒரு மட்டக் கோடு.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சித்தி, இந்த நேரம் எங்கேருந்து அளந்த நேரம்?" அதுதான் கேள்வி. ஃபெர்மி சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, பூமி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஒளி வந்து சேரும் நேரம் ஆண்டு முழுவதும் நிமிடக் கணக்கில் முன்னும் பின்னும் போகும். ஒரு சுற்றுக்கே 89 மில்லி நொடிதான். எல்லா நேரத்தையும் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கென்றே ஜிடிபேரி என்ற மென்பொருள் கருவி இருந்தும், நான் அந்தப் படியைத் தாண்டிப் போயிருந்தேன்.

மாற்றினேன். அப்போதும் மங்கலாகவே இருந்தது. இந்த முறை தவறு மாதத்தில். நான் இறக்கியிருந்தது 2016 டிசம்பர் தரவு. அந்த மாதம் 12ஆம் தேதி வேலாவின் சுழற்சி திடீரென்று வேகம் பிடித்தது. கூடியது பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு அளவுதான், ஆனால் வேகம் பிடிக்கும் முன்பிருந்த சுழற்சிக் கணிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே நாளில் ஒன்றேகால் சுற்றுக்கு மேல் பிசகிவிடும். நவம்பர் தரவுக்கு மாறினேன். அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இரண்டு கூர்மையான சிகரங்கள் எழுந்து நின்றன. மணி இரண்டு இருக்கும். வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம், மனம் வரவில்லை. சிகரங்களை ஒதுக்கிவிட்டு, துடிப்பு அடங்கிய பகுதியில் வந்த துகள்களை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது பல்சரை ஒட்டிய மேகமான நெபுலாவின் ஒளி. துடிப்பு பல்சரின் காந்தப்புலத்திலேயே பிறப்பது. அங்கிருந்து காற்றாக வெளியேறும் எலெக்ட்ரான்களும் அவற்றின் எதிர்த்துகளான பாசிட்ரான்களும் நெபுலாவை நிரப்பி, ஆற்றல் குறைந்த ஒளித்துகள்களை மோதி காமாவாக உயர்த்துகின்றன. அந்த நெபுலாவின் பெயர் வேலா எக்ஸ். வானில் முழு நிலவைப்போல் பல மடங்கு அகலம் என்பதால் என் 1 பாகை வட்டம் போதவில்லை. 10 பாகைக்கு விரித்து, 2015 ஜனவரி முதல் 2016 நவம்பர் வரையுள்ள தரவைக் கணக்கிட வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வரைபடம் தயாராக இருந்தது. பல்சரை நடுவில் வைத்து ஒளி வட்டமாகப் பரவியிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மங்கலான அந்தத் திட்டு பல்சருக்குத் தெற்கே ஒதுங்கிக் கிடந்தது. வெடித்த விண்மீனின் எச்சத்திலிருந்து திரும்பி வந்த அதிர்வலை நெபுலாவை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வெடிப்பு நடந்து பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அந்தத் தள்ளலின் தடம் என் மேசைமேல் இருந்தது.