நாசாவின் மதிப்பீட்டுக் குழுவுக்குப் பெயர் கொடுத்த அனுபவம்

முனைவர் பட்டம் முடித்த இரண்டாம் ஆண்டில், வெளிக்கோள்களைச் சுற்றிவரும் பனி நிலவுகளின் மேற்பரப்பு எதனால் ஆனது என்பதை ஆய்வகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான், நாசாவின் அறிவியல் பிரிவு நிதி கேட்டு வரும் ஆய்வு முன்மொழிவுகளை மதிப்பிட ஆட்களைத் தேடுகிறது என்றும், விருப்பமுள்ளவர்கள் தாங்களாகவே பெயர் கொடுக்கலாம் என்றும் என் வழிகாட்டி சொன்னார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. இத்தகைய குழுக்களில் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே அமர்வார்கள், அவர்களைத் தேடிப் பிடித்து அழைப்பார்கள் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அதன் பிறகு மூன்று குழுக்களில் பங்கேற்றுவிட்டேன். எப்படிச் சேர்வது, உள்ளே என்ன நடக்கும் என்று இளைய ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்பதால், நான் கடந்துவந்த வழியை எழுதுகிறேன். குழுவில் பேசப்பட்டவற்றை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருப்பதால், எந்த முன்மொழிவையும் அடையாளம் காட்டக்கூடிய செய்தி எதுவும் இதில் இராது.

நாசா ஆண்டுதோறும் 'ரோசஸ்' என்ற பொது அறிவிப்பின் மூலம் கோள் அறிவியல், வானியற்பியல், சூரிய இயற்பியல், புவி அறிவியல், உயிரியல் மற்றும் இயற்பிய அறிவியல் ஆகிய துறைகளில் ஆய்வு முன்மொழிவுகளைக் கேட்டுப் பெறுகிறது. வந்து குவிபவற்றை அந்தந்தத் துறையில் வேலை செய்பவர்களே படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். தொலைநோக்கி நேரத்துக்கான விண்ணப்பங்களின் நிலையும் இதுவே. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நான்காம் விண்ணப்பச் சுற்றுக்கு, 2024 அக்டோபர் முடிவதற்குள், 2,377 முன்மொழிவுகள் வந்து சேர்ந்தன. அவை அனைத்துமாகக் கேட்ட நேரம் ஏறத்தாழ 78,000 மணி. ஓர் ஆண்டுக்கு இருப்பதோ 8,760 மணிதான். இத்தனையையும் படித்துத் தரம் பிரிப்பவர்கள் தங்கள் அன்றாட ஆய்வு வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கும் அறிவியலாளர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆள் தேடும் முறை முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பனி நிலவுகளின் நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவை, ஆழமாக அறிந்தவர்கள் உலகில் மிகச் சிலர். அந்தச் சிலரில் பெரும்பாலோர் அதே அறிவிப்புக்குத் தாங்களும் முன்மொழிவு அனுப்பியிருப்பார்கள், அல்லது அனுப்பியவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்திருப்பார்கள், அல்லது ஒரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றுவார்கள். இவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டால் எஞ்சுபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே நிறுவனத்துக்குக் கிடைக்காத பொருள் நிபுணத்துவம் அன்று. எந்தப் பக்கமும் சாயாத நிபுணத்துவம். துறைக்குள் புதிதாக வந்தவர்களுக்கும், பக்கத்துத் துறையில் இருப்பவர்களுக்கும் கதவு திறந்திருப்பது இதனால்தான்.

பெயர் கொடுப்பது எளிது. இணையத்தில் ஒரு படிவம் இருக்கிறது. கல்வித் தகுதி, பணியிடம், எந்தத் தலைப்புகளில் மதிப்பிட முடியும் என்பவற்றை நிரப்பினால் போதும். முதல் முறை நிரப்பியபோது, நிபுணத்துவம் என்ற கட்டத்தில் 'கோள் அறிவியல், பனி நிலவுகள்' என்று மட்டும் எழுதினேன். பெரிதாகச் சொன்னால் பல குழுக்களுக்குப் பொருந்துவேன் என்பது என் கணக்கு. அழைப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு, குழுக்களில் பலமுறை அமர்ந்த ஒரு மூத்த ஆய்வாளரிடம் என் படிவத்தைக் காட்டினேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, "நீங்கள் கையால் செய்யும் வேலையை எழுதுங்கள்" என்றார். அதன்படி, குறைந்த வெப்பநிலையில் நீர்ப்பனியையும் உப்புக் கலவைகளையும் உறைய வைத்து அகச்சிவப்பு நிறமாலை எடுப்பது, எலக்ட்ரான் கற்றையால் பனி சிதைவதை அளப்பது, விண்கலம் அனுப்பிய தரவோடு ஆய்வகத் தரவை ஒப்பிடுவது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். எனக்குத் தெரியாதவற்றையும் ஒரு வரியில் சேர்த்தேன்: வளிமண்டல மாதிரிகளை என்னால் மதிப்பிட முடியாது.

மதிப்பீட்டுக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் நாசாவின் திட்ட அலுவலர் ஒருவரின் இடத்திலிருந்து பார்த்தால் இதன் பயன் விளங்கும். அவர் மேசையில் ஒரு முன்மொழிவு இருக்கிறது. அதில் ஒரு குறிப்பிட்ட அளவீட்டு முறை இருக்கிறது. அந்த முறையை அறிந்த, ஆனால் அதை அனுப்பியவர்களோடு தொடர்பில்லாத ஒருவர் அவருக்கு வேண்டும். 'கோள் அறிவியல்' என்ற சொல்லை வைத்து அவரால் யாரையும் தேட முடியாது. பெயர் கொடுத்ததும் அழைப்பு வர வேண்டும் என்றும் இல்லை. அந்த ஆண்டில் வந்திருக்கும் முன்மொழிவுகளுக்கு நம் திறமை பொருந்தினால்தான் அழைக்க முடியும். எனக்கு இரண்டாவது படிவத்தை அனுப்பிய ஏழாம் மாதம் மின்னஞ்சல் வந்தது.

அழைப்பில் தேதிகளும், ஏறக்குறைய எத்தனை முன்மொழிவுகளைப் படிக்க வேண்டியிருக்கும் என்பதும் இருந்தன. சம்மதம் தெரிவித்ததும் ரகசியக் காப்பு உறுதிமொழியும், அதை அடுத்து நல முரண் பட்டியலும், அதாவது நம் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய தொடர்புகளை நிரப்ப வேண்டிய பட்டியலும் வந்தன. இரண்டாவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். உடன் ஆய்வு செய்தவர்கள், வழிகாட்டியவர்கள், நம்மிடம் படித்தவர்கள், நெருங்கிய உறவினர்கள், தற்போதைய பணியிடம், விண்ணப்பித்துக் காத்திருக்கும் பணியிடம் என்று அந்த வட்டம் விரிந்துகொண்டே போகும். நான் அதை ஒரே மாலையில் நினைவிலிருந்து எழுதி அனுப்பினேன். கட்டுரைகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்திருக்க வேண்டும். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

முன்மொழிவுகள் 'என்ஸ்பைர்ஸ்' என்ற நாசாவின் இணையத் தளத்தில் படிக்கக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் அறிவியல் பகுதி 15 பக்கம். என் பங்குக்கு எட்டு வந்தன; மூன்றில் நான் முதல் மதிப்பீட்டாளர், மற்றவற்றில் துணை. பார்க்க வேண்டியவை மூன்று: ஆய்வின் உள்ளார்ந்த தகுதி, அறிவிப்பின் நோக்கத்துக்கு அது பொருந்துகிறதா என்பது, கேட்கும் உழைப்பும் செலவும் நியாயமானவையா என்பது. சம்பள விவரங்கள் மதிப்பீட்டாளர் கண்ணில் படாது. யார் எத்தனை மாதம் உழைப்பார் என்பது மட்டுமே தெரியும். கருத்துகளைப் பெரிய நிறை, சிறிய நிறை, பெரிய குறை, சிறிய குறை என்று பிரித்து எழுத வேண்டும்.

ஒரு முன்மொழிவைக் கவனமாகப் படித்து எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆனது. படிப்பது சுகம், எழுதுவதுதான் கடினம். முதலில் நான் எழுதிய குறை ஒன்று இப்படி இருந்தது: "பிழை மதிப்பீடு போதுமானதாக இல்லை." அதையே மூன்று முறை திருத்திய பிறகு இப்படி ஆனது: "பனிப் படலத்தின் தடிமன் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது, அந்த மாற்றம் உறிஞ்சு பட்டையின் ஆழத்தை எவ்வளவு பாதிக்கும் என்பது கூறப்படவில்லை, ஆகவே இரு உப்புகளையும் பிரித்தறிய முடியும் என்ற இரண்டாம் நோக்கம் நிறைவேறுமா என்பது தெளிவாகவில்லை." முதல் வாக்கியத்தைப் பெற்றவர் வருத்தப்படுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. இரண்டாவதைப் பெற்றவர் அடுத்த ஆண்டு அந்தச் சோதனையைச் செய்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். என் முன்மொழிவு ஒன்று தள்ளுபடியானபோது கைக்கு வந்த கருத்துகளைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பப் படித்தவன் நான். அந்த நினைவு எழுதும்போதெல்லாம் கூடவே இருந்தது.

நான் பங்கேற்ற இரண்டாவது குழு இரட்டை மறைப்பு முறையில் நடந்தது. முன்மொழிந்தவர் யார் என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியாது. மதிப்பிடுபவர் யார் என்பது முன்மொழிந்தவருக்கும் தெரியாது. ஹபிள் தொலைநோக்கி நேரத்துக்கு 2018-இல் 26-ஆம் சுற்றில் இம்முறை முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முந்தைய சுற்றுகளில் ஆண்கள் தலைமை ஏற்ற முன்மொழிவுகளே தொடர்ந்து கூடுதல் விகிதத்தில் வெற்றிபெற்றுவந்தன. அந்தச் சுற்றில் பெண்களின் விகிதம் சற்றே முந்தியது. பின்னர் நாசா தன் ஆய்வு நிதித் திட்டங்கள் பலவற்றுக்கும் இதை விரிவுபடுத்தியது. பேச்சு ஆய்விலிருந்து விலகி ஆட்களின் பக்கம் திரும்பினால் நிறுத்துவதற்கென்றே அறையில் ஒருவர் இருப்பார். தகுதியைப் பற்றிய முடிவு பதிவான பிறகே முன்மொழிந்த குழுவினரின் பெயரும் வசதிகளும் அடங்கிய தனி ஆவணம் திறக்கப்படும். அதைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை உயர்த்த முடியாது.

இந்தக் குழுவில்தான் என் அவசரப் பட்டியல் என்னைப் பிடித்தது. ஒரு முன்மொழிவின் முன்னோட்டத் தரவில், நிறமாலைக் கோட்டின் ஓரிடத்தில் மெல்லிய அலைவு ஒன்று தெரிந்தது. ஒளி நுழையும் சாளரத்தின் இரு முகங்களுக்கு இடையே எதிரொளிப்பதால் வரும் அலைவு அது. அதன் இடைவெளி சாளரத்தின் தடிமனைப் பொறுத்தது. அந்த இடைவெளி எனக்கு மனப்பாடம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாதம் விருந்தினராகச் சென்று வேலை செய்த ஆய்வகத்தின் குளிர்கலத்தில், அதைத் தரவிலிருந்து நீக்குவதற்காகவே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆய்வகத்தாரின் பெயர்கள் என் பட்டியலில் விடுபட்டிருந்தன.

அதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்காமல் திட்ட அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தேன். யார் என்று நான் ஊகித்ததை மற்ற மதிப்பீட்டாளர்களிடம் சொல்லக் கூடாது; அவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். அவர் பதற்றமே இல்லாமல் கேட்டுக்கொண்டு, அந்த முன்மொழிவை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, அது விவாதத்துக்கு வரும் நேரத்தில் நான் கூட்டத்தில் இருக்க வேண்டாம் என்று சொன்னார். இத்தகைய அழைப்பு வராத குழுவே இல்லை என்றும் சொன்னார். ஆனாலும் ஒருவருடைய மூன்றாண்டு உழைப்பைத் தீர்மானிக்கும் இடத்தில் இப்படி ஒரு கவனக்குறைவு என்னால் நேர்ந்ததே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது அந்தப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு புதிய கூட்டுமுயற்சி தொடங்கும்போதும் அதில் பெயர் சேர்க்கிறேன்.

என் முதல் குழுவின் கூட்டம் மூன்று நாள் நடந்தது. முதல் மதிப்பீட்டாளர் முன்மொழிவை விளக்குவார், மற்றவர்கள் தொடர்வார்கள், பிறகு விவாதம். முதல் கூட்டத்தில் நான் மிகவும் தயங்கினேன். என் பெயர் முதலில் வந்தபோது, பாடநூலில் பெயர் பார்த்திருந்த ஒருவர் எதிரே இருந்தார். அவர் ஒரு குறையைச் 'சிறியது' என்றார். நான் அதைப் 'பெரியது' என்று எழுதியிருந்தேன். காரணம் கேட்டார். அந்தக் கலவையை அந்த வெப்பநிலையில் உறைய வைத்தால் ஒரே சீராக உறையாது, நானே முயன்று தோற்றிருக்கிறேன் என்று விளக்கினேன். சிறிது யோசித்துவிட்டு, "இது எனக்குத் தெரியாது, இவர் சொல்வதையே எழுதுங்கள்" என்றார். 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை அந்த மூன்று நாளில் மூத்தவர்கள் வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டேன். அந்த அறைக்கு அதைவிடப் பெரிய உதவியை ஒருவர் செய்துவிட முடியாது என்றே கருதுகிறேன்.

விவாதம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியே, மிகச் சிறப்பு முதல் மோசம் வரையிலான ஐந்து தரங்களில் வாக்களிப்பார்கள். ஒரு முன்மொழிவை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. அதனதன் தகுதியை மட்டுமே பார்க்க வேண்டும். நிதி யாருக்கு என்பதைக் குழு முடிவு செய்வதில்லை. நாம் சொல்வது ஆலோசனை, முடிவு நிறுவனத்துடையது.

மதிப்பிடும் துணிவு இன்னும் வரவில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குழுச் செயலராகப் போகலாம். விவாதத்தைக் குறிப்பெடுத்து, எழுத்து வடிவம் சரியாக அமைய உதவுவது இவர்கள் பணி. மதிப்பிடும் பொறுப்பு இல்லை. பட்ட மேற்படிப்பு மாணவர்களும் இளைய ஆய்வாளர்களும் இதற்குச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். என் முதல் முன்மொழிவை எழுதுவதற்கு முன் நான் இதைச் செய்திருந்தால், அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

இவற்றிலிருந்து வேறுபட்டவை நாசாவின் நிரந்தர ஆலோசனைக் குழுக்கள். 1972-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சி ஆலோசனைக் குழுச் சட்டத்தின்படி இயங்கும் அவற்றின் கூட்டங்கள் பொதுவாக மக்கள் பார்வைக்குத் திறந்தவை. நடவடிக்கைக் குறிப்புகளும் வெளியாகும். மதிப்பீட்டுக் குழுக்களில் வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஊர் கேட்கப் பேச வேண்டும். அவற்றுக்கும் தம் பெயரைத் தாமே முன்மொழியலாம் என்ற அறிவிப்பைக் கண்டு ஒருமுறை விண்ணப்பித்தேன், தேர்வாகவில்லை. மீண்டும் விண்ணப்பிப்பேன்.

சென்ற முறை கூட்டம் முடிந்து எல்லோரும் விடைபெறும் நேரத்தில், அடுத்த சுற்றுக்கு யாரையாவது பரிந்துரைக்க முடியுமா என்று திட்ட அலுவலர் கேட்டார். பனியில் உப்புகளை ஆராயும் ஐந்து பேரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்து, ஒருவர் முன்மொழிவு அனுப்பியிருக்கிறார், இருவர் அவருடைய கூட்டாளிகள், நான்காமவர் அவருடைய பழைய மாணவர் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். ஐந்தாவது பெயர், சென்ற ஆண்டுதான் முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண்ணுடையது. "இவர் வருவாரா?" என்று கேட்டார். அன்று மாலையே அவருக்கு எழுதினேன். இன்னும் கொஞ்சம் அனுபவம் சேரட்டும் என்று பதில் வந்தது. என் பழைய படிவம் இரண்டையும், அடிக்கப்பட்ட வரியோடு, அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.