யார் வண்டியில் போனார் நிருபர்?

ராணுவம் பற்றிய செய்தி ஏதாவது ஏஜென்சியிலிருந்து வந்து விழுந்ததும் பத்திரிகை டெஸ்க்கில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: டேட்லைன் (செய்தி எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில் என்ற குறிப்பு), சம்பவம் நடந்த நேரம், நிருபர் அங்கே யார் வண்டியில் போனார் என்பது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

தணிக்கை என்றதும் சிவப்பு மையால் அடித்துத் தள்ளும் அதிகாரி நினைவுக்கு வருவார். அமெரிக்க ராணுவத்துக்கு அந்தப் பேனா அதிகம் தேவைப்பட்டதில்லை. 1983 அக்டோபர் 25 அன்று கரீபியன் தீவான கிரெனடாவில் படை இறங்கியபோது ஒரு நிருபரைக்கூட உடன் அழைத்துப் போகவில்லை. சொந்தமாகப் படகு பிடித்துத் தீவுக்குப் போன சிலர் போர்க்கப்பலுக்குக் கொண்டுபோகப்பட்டனர்; அங்கிருந்து செய்தி அனுப்ப வழியில்லை. முதல் 15 பேரை உள்ளே விட்டது இரண்டு நாள் கழித்து. எழுந்த கூச்சலில் பிறந்ததுதான் ‘பூல்’ முறை: சிலரை மட்டும் அழைத்துப் போவது, அவர்கள் எழுதுவதை எல்லோரும் பகிர்ந்துகொள்வது. 1989 டிசம்பரில் பனாமாவில் அந்தக் குழுவே சண்டை தொடங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது.

1991 வளைகுடாப் போரில் இந்த முறை முழு வடிவம் பெற்றது. நிருபர் எழுதியதைக் களத்திலேயே எஸ்கார்ட் அதிகாரி, அதாவது உடன் வரும் ராணுவ அதிகாரி, படிப்பார். தகராறு வந்தால் சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலுள்ள ராணுவச் செய்தி மையத்துக்குப் போகும். அங்கும் தீராவிட்டால் வாஷிங்டனுக்கு. கடைசி முடிவு பத்திரிகை ஆசிரியருடையது. 1,300-க்கும் மேற்பட்ட பூல் செய்திகளில் வாஷிங்டன் வரை போனவை ஐந்து. அவற்றில் நான்குக்கு அனுமதி கிடைத்தது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லை.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. எழுதிய தாளும் ஃபிலிம் சுருளும் களத்திலிருந்து ராணுவ வண்டியிலும் விமானத்திலும் தஹ்ரான் வந்து சேர வேண்டும். தரைப்போர் முடிந்ததே 100 மணி நேரத்தில். செய்தி வந்து சேரும்போது படை வேறெங்கோ இருக்கும், அச்சேற்ற ஆறிப்போன சங்கதிதான் மிஞ்சும். பூலில் இடம் கிடைக்காத நூற்றுக்கணக்கானோர் ஓட்டலில் உட்கார்ந்து, குண்டு குறி தவறாமல் விழுவதாக ராணுவம் காட்டிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாக எல்லைக்குப் போன சி.பி.எஸ். தொலைக்காட்சியின் பாப் சைமனும் அவருடைய குழுவினரும் இராக்கியரிடம் சிக்கி 40 நாள் சிறையில் கிடந்தனர்.

2003 இராக் போருக்கு ‘எம்பெட்’ வந்தது. நிருபர் ஒரே பிரிவோடு தங்குவார், அவர்களுடைய வண்டியிலேயே போவார். சொந்த வண்டி கூடாது, துப்பாக்கி கூடாது. இறந்த வீரரின் பெயரைக் குடும்பத்துக்குத் தகவல் போகும்வரை, அல்லது 72 மணி நேரம்வரை, வெளியிடக் கூடாது. எழுதியதை முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்ற பொது விதி இல்லை. ஆனால் படை நிற்கும் இடத்தையும் போகும் வழியையும் நேரலையில் மணலில் வரைந்து காட்டிய தொலைக்காட்சி நிருபர் களத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்த விதியில் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது.

எம்பெட் நிருபரின் செய்தியில் பொய் அபூர்வம், பார்வை குறுகல். சுட்டவர் பக்கம் தெரியும், குண்டு விழுந்த தெரு தெரியாது. ‘அமெரிக்கப் படைப்பிரிவுடன் பயணம் செய்யும் நிருபர்’ என்ற அரை வரியை இடம் போதவில்லை என்று உதவியாசிரியர் முதலில் வெட்டுவார். வெட்டக் கூடாத வரி அதுதான். 2009-இல் வன்னிக்கு ராணுவம் அழைத்துப்போய்க் காட்டியதை மட்டும் பார்த்து எழுதப்பட்ட செய்திகளைப் படித்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2025-இல் கட்டுப்பாடு களத்திலிருந்து தலைமையகத்துக்கே வந்துவிட்டது. பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ், என்.பி.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் அறைகள் பென்டகனில் பறிபோயின. மே மாதத்தில், துணைக்கு ஆள் இல்லாமல் பல தாழ்வாரங்களில் நடக்கத் தடை. செப்டம்பரில் புது விதி: ரகசியம் அல்லாத தகவலும் உரிய அதிகாரி ஒப்புதல் இல்லாமல் வெளியே போகக் கூடாது, அனுமதியில்லாத தகவலை ஊழியரிடம் கேட்கும் நிருபர் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருதப்பட்டு பேட்ஜை (பென்டகனுக்குள் போக உதவும் அடையாள அட்டையை) இழக்கலாம். விதியைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட மறுத்து ஏ.பி., ராய்ட்டர்ஸ், சி.என்.என். முதல் ஃபாக்ஸ் நியூஸ் வரை பெரும்பாலோர் அக்டோபர் 15 அன்று பேட்ஜைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள்.

பேட்ஜ் ரகசிய அறைக்குச் சாவி அல்ல. தரைப்படை, கடற்படைச் செய்தித் தொடர்பாளரின் மேசைக்கு நடந்துபோய், “இப்படிக் கேள்விப்பட்டோம், சரியா?” என்று கேட்க உதவியது. “அதைப் போடாதீங்க, தப்பு” என்ற பதில் அங்கேதான் கிடைக்கும். மின்னஞ்சலில் கேட்டால் மணிக்கணக்கில் காத்திருந்து, வேறொரு அலுவலகத்தைக் கேளுங்கள் என்ற ஒற்றை வரி வரலாம். தவறான தகவல் அச்சேறாமல் தடுத்த ஒரு கையை ராணுவமே வெட்டிக்கொண்டது என்றுதான் படுகிறது. டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வழக்குத் தொடுத்தது.

டெஸ்க்கில் இப்போதைக்குச் செய்யக்கூடியது: ‘பென்டகன் வட்டாரம்’ என்று வந்தால் சொன்னவர் பதவியில் இருப்பவரா, ஓய்வு பெற்றவரா என்று ஏஜென்சி அனுப்பிய மூலச் செய்தியில் பார்ப்பது, தாக்குதல் வீடியோ என்றால் அதை வெளியிட்டது யார், எப்போது என்பதை முதல் பத்தியிலேயே போடுவது, நிருபர் நேரில் பார்க்காத எண்ணிக்கையைத் தலைப்புக்கு ஏற்றாமல் இருப்பது.