திங்கட்கிழமை பிரேயரும் இரண்டாம் நம்பர் மெஷினும்

பிரேயர் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே பி.டி. சார் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். தமிழ்நாட்டில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் திங்கட்கிழமை இப்படித்தான் விடிகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் நாலைந்து பேரை விரலாலேயே ஓரமாக நிறுத்துவார்.

"டேய், என்னடா தலை இது? வெட்டிட்டு வான்னு சொன்னேனா இல்லையா?"

"வெட்டிட்டுத்தான் சார் வந்தேன். நேத்துதான்."

பையன் சொல்வது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் ஒரு மணி நேரம் காத்திருந்துதான் வெட்டியிருக்கிறான். காதுக்கு மேலே ஜீரோ மெஷின், உச்சியில் மூன்று விரல் உயரத்துக்கு முடி, நடுவில் சவரக் கத்தியால் இழுத்த ஒரு கோடு. அவன் கணக்கில் அது முடிவெட்டு, சார் கணக்கில் அது திமிர். இருவருக்கும் நடுவில் இருப்பது பள்ளி டைரியின் ஒற்றை வரி: 'மாணவர்கள் தலைமுடியை ஒழுங்காக வெட்டி வர வேண்டும்.' அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லுக்குள் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்களோ அத்தனை அளவுகோல்கள். கணக்கு சாருக்குக் காது தெரிந்தால் போதும். தமிழம்மாவுக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருக்க வேண்டும். புதிதாக வந்த அறிவியல் சார் கண்டுகொள்வதே இல்லை, அவருக்கே பக்கத்தில் ஒட்ட வெட்டிய ஃபேட்தான். ஆசிரியரின் தாடியை யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை என்பதையும் பையன்கள் கவனிக்காமல் இல்லை.

பள்ளியில் தலைமுடிக்கு விதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், வேண்டும், ஆனால் சிறியதாக வேண்டும் என்பதே பணியில் பழகியவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்கிற இடம். மற்ற எல்லா ஒழுங்கு மீறலையும் அந்த இடத்திலேயே சரி செய்துவிடலாம். சட்டையை உள்ளே விடச் சொல்லலாம், ஐடி கார்டை மாட்டச் சொல்லலாம், செருப்புக்கு நாளை ஷூ போட்டு வரச் சொல்லலாம். முடியை மட்டும் திருப்பி ஒட்ட முடியாது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஜீரோ ஓட்டிய பக்கவாட்டு முடி ஆறு மில்லிமீட்டர் ஆகப் பதினைந்து முதல் இருபது நாள் பிடிக்கும். அந்தப் பையனிடம் 'நாளைக்கு வெட்டிட்டு வா' என்றால் அவன் எதை வெட்டுவான்? பக்கத்தில் வெட்ட ஒன்றுமில்லை. மேலே இருப்பதையும் எடுத்தால் கிட்டத்தட்ட மொட்டை. மொட்டையடித்து வந்தாலோ, 'என்ன, எதிர்ப்பு காட்டுறியா?' என்று இன்னொரு பஞ்சாயத்து. அவன் தலைக்கு உண்மையான மருந்து மூன்று வாரம் காத்திருப்பதுதான், அதற்கோ டைரியில் இடமில்லை.

அதனால் விதியை எழுதும்போதே மெஷின் நம்பரில் எழுதிவிடுவது நல்லது. சலூனில் மெஷினில் மாட்டும் சீப்புகளுக்கு எண் உண்டு: ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13. 'பக்கவாட்டில் இரண்டாம் நம்பருக்குக் குறையக் கூடாது, முன்முடியைக் கீழே சீவினால் புருவத்தைத் தொடக் கூடாது, பின்முடி காலரைத் தொடக் கூடாது, கத்திக் கோடும் சாயமும் கூடாது.' இவ்வளவுதான். இதில் 'நாகரிகம்', 'குடும்பப் பையன் மாதிரி' போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. அந்தச் சொற்கள் இருக்கும்வரை வரிசையிலிருந்து இழுக்கப்படுகிறவன் எப்போதும் கடைசி பெஞ்சுக்காரனாகத்தான் இருப்பான். முதல் ரேங்க் எடுக்கிறவன் அதே பாக்ஸ் கட்டிங்கோடு வந்தால், 'தம்பி, அடுத்த வாரம் வெட்டிக்கோப்பா' என்று முடிந்துவிடும். 'புள்ளிங்கோ' என்று ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமே, அது முடியின் பெயரா, அந்த முடி வரும் தெருவின் பெயரா என்று ஆசிரியர் அறையில் யாரும் கேட்பதில்லை.

கிழமைக் கணக்கு இன்னொரு சிக்கல். திங்கட்கிழமை பிடித்து 'நாளைக்கு' என்றால் அது செவ்வாய்க்கிழமை. பெரும்பாலான ஊர்களில் அன்று சலூனுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை முடிவெட்ட பல வீடுகளில் விடமாட்டார்கள், சனிக்கிழமையும் சிலர் ஆகாது என்பார்கள், அமாவாசையும் பிறந்த கிழமையும் தனி. மிச்சமிருப்பது ஞாயிறு, அன்று கடையில் கூட்டம் தெரு வரைக்கும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் முடி ஆய்வை வியாழக்கிழமை வைப்பதுதான் சரி. ஞாயிற்றுக்குள் காசும் நேரமும் ஏற்பாடு செய்ய வீட்டுக்கு மூன்று நாள் கிடைக்கும். அண்ணன் தம்பி இருவர் என்றால் இரண்டு தலைக்குக் காசு. தினக்கூலி வீட்டில் சனிக்கிழமைச் சம்பளம் வந்த பிறகுதான் அது நடக்கும்.

இதற்குள் வெளியே தெரியாத ஒரு காரணமும் ஒளிந்திருக்கும். ஊர்க்கடையில் தங்களுக்கு முடிவெட்ட மாட்டார்கள் என்பதால் டவுனுக்கு பஸ் ஏறிப் போகவேண்டிய தெருப் பிள்ளைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். 'ஏன்டா வெட்டல?' என்று நூறு பேர் முன்னால் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அதற்கும் 'பதில் சொல்றானா பாரு' என்று ஓர் அடைமொழி விழும்.

அடுத்து, பிடித்த பிறகு என்ன செய்வது என்பது. இங்கேதான் பள்ளிகள் மாட்டிக்கொள்கின்றன.

அலுவலகக் கத்தரிக்கோலை எடுத்து முன்முடியில் ஒரு வெட்டு வெட்டிவிடுவது பழைய வழக்கம். இப்படிக் கோரமாக்கிவிட்டால் தானாகவே கடைக்குப் போவான் என்ற கணக்கு. பையன் அசைந்தால் காதில் படும். அசையாவிட்டாலும் அது தண்டனைதான். 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலைத் தண்டிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சாயங்காலம் பெற்றோர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ பள்ளிக் கல்வி உதவி எண்ணான 14417-க்கோ ஒரு போன் போட்டால், வெட்டிய ஆசிரியர் விளக்கக் கடிதம் எழுத உட்காருவார். விதியை ஒட்டுமொத்தமாகக் கொண்டுவந்த நிர்வாகம் அப்போது பக்கத்தில் நிற்காது.

சலூன்காரரைப் பள்ளிக்கே வரவழைத்து மரத்தடியில் நாற்காலி போட்டு வரிசையாக வெட்டிவிடுவது இன்னொரு வழி. காசு மிச்சம், நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரே மெஷின், ஒரே துண்டு, இடையில் சுத்தம் செய்ய நேரமில்லை என்றால் ஒரு தலையில் இருக்கும் படர்தாமரை அடுத்தடுத்த தலைக்குப் போகும். செய்தே ஆகவேண்டும் என்றால் பெற்றோரின் கையெழுத்து முன்பே வேண்டும். தலைக்கொரு துண்டு, ஒவ்வொரு முறையும் மெஷின் பிளேடைத் துலக்கிக் கிருமிநாசினி தெளித்து ஈரம் போகத் துடைப்பது, கத்தி என்றால் ஆளுக்கொரு புது பிளேடு. இப்படிச் செய்தால் ஒரு நாளில் நாற்பது தலைக்கு மேல் ஓடாது.

வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒன்பதே காலுக்குக் கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் வீட்டுக்குப் போவதில்லை. வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், இருந்தாலும் திட்டு விழும். பஸ் ஸ்டாண்டு, ஆற்றங்கரை, கிணறு என்று பகலைக் கழிப்பான். ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு பள்ளிக்கு. எதுவும் ஆகாவிட்டாலும், ஏற்கெனவே வரலாமா வேண்டாமா என்று ஒரு காலை வெளியே வைத்திருந்த பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது நல்ல சாக்கு. அடுத்த மாதம் அவன் பெயரை இடைநின்றவர் பட்டியலில் எழுதி, ஆசிரியர் பயிற்றுநரோடு நாமே அவன் வீட்டைத் தேடிப் போகவேண்டியிருக்கும். முடி வெட்டாததற்காக அனுப்பியவனை, முடி எப்படி இருந்தாலும் பரவாயில்லை வந்து சேர் என்று கெஞ்சுகிற நிலைமை.

பெண் பிள்ளைகள் பக்கம் கதை வேறு. அங்கே குட்டை என்பது குற்றம். மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, வகுப்புக்கு ஏற்ற நிறத்தில் ரிப்பன். இடுப்பு வரை முடியுள்ள பிள்ளைக்கு இதைப் பின்னக் குறைந்தது பத்து நிமிடம் ஆகும், இரண்டாவது ஆள் வேண்டும். அம்மா ஏழு மணிக்கே பனியன் கம்பெனி வேனில் ஏறிவிடுகிற வீட்டில் அந்த இரண்டாவது ஆள் யார்? காலையில் தலைக்குக் குளித்து ஈரத்தோடு இறுக்கிப் பின்னினால் சாயங்காலம் வரை உள்ளே காயாது. நாள் முழுதும் இழுத்துக் கட்டியபடியே இருந்தால் வகிட்டோரமும் நெற்றியோரமும் முடி மெலியும்.

இருந்தாலும் கட்டிய முடிக்கு ஒரு நியாயம் உண்டு. பேன் பெரும்பாலும் தலைக்குத் தலை தொட்டுத்தான் ஏறும். ஒரே பெஞ்சில் ஐந்து பேர் உட்காரும் வகுப்பில் விரித்த முடி அதற்குப் பாலம். வேதியியல் ஆய்வகத்தில் பர்னரின் மேல் குனியும்போதும் முடி கட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டு காரணத்துக்கும் ஒற்றைச் சடை போதும், கொண்டை போதும், தோள் வரை வெட்டிய முடிக்கு ஒரு ரப்பர் பேண்டு போதும். இரட்டையாகவும் மடித்தும்தான் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் கேட்டால், 'எப்பவும் அப்படித்தானே' என்பதைத் தாண்டி எதுவும் வருவதில்லை. பேன் இருக்கிற பிள்ளையைத் தனியாக உட்காரவைப்பதால் பேன் போவதில்லை. ஒரு சதவீதப் பெர்மெத்ரின் மருந்தை ஈரம் துடைத்த முடியில் தடவிப் பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். ஈர் பொரித்து வருவதால் ஏழு முதல் பத்து நாளில் இன்னொரு முறை. அந்த இரண்டாவது முறையை விட்டுவிடுவதால்தான் 'மருந்து போட்டும் போகல' என்கிறார்கள். வீட்டில் எல்லாருடைய தலையையும் அதே நாளில் பார்த்துவிட வேண்டும்.

கடுமை காட்டவேண்டிய இடம் தலையில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். 2019-இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து இதற்கு எதிராக ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்யச் சொன்னது. சாதி அடையாளம் வரைந்த சைக்கிளையும் அது விடவில்லை.

நடைமுறையில் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் அதே நிறம் சட்டைக்குள் பனியனில் வரும், ஷூ லேசில் வரும், ஜியோமெட்ரி பாக்ஸின் உள்மூடியில் ஸ்டிக்கராக வரும். துரத்திக்கொண்டே இருக்கவேண்டிய வேலை இது. தலைமுடி, மீசை, வளையல், பூ என்று எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கும் பள்ளியில் இதற்கு நேரமும் மிஞ்சாது, பிள்ளைகளிடம் மரியாதையும் மிஞ்சாது. முடிக்கும் கயிற்றுக்கும் ஒரே சத்தம் போட்டால் இரண்டும் ஒரே அளவு சின்ன விஷயமாகிவிடும்.

விலக்கு யாருக்கு, எப்படி என்பதையும் விதியோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட பிள்ளைகள் வருவார்கள். 41 நாளோ 48 நாளோ, சவரம் இல்லை, முடிவெட்டு இல்லை, சிலர் செருப்பும் போடமாட்டார்கள். பழனிக்கோ குலதெய்வத்துக்கோ முடி நேர்ந்துகொண்டவன் பாதியில் வெட்டமாட்டான். அப்பா இறந்து மொட்டை போட்டவன் வருவான். புழுவெட்டு விழுந்து அங்கங்கே வழுக்கையான பிள்ளை தொப்பி கேட்கும். சடங்கு முடிந்து வருகிற பெண்ணின் கையில் மருதாணி இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஒரு வழக்கு இதில் பயன்படும். தமிழ் வம்சாவளி மாணவி ஒருத்தி 2004-இல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். வயதுக்கு வந்ததும் மூக்குத்தி போடுவதும், பதினாறில் பாட்டி அதை வைர மூக்குத்தியாக மாற்றுவதும் குடும்ப வழக்கம் என்றார் அம்மா. நகை கூடாது என்றது பள்ளி. அரசியல் சாசன நீதிமன்றம் வரை போன வழக்கில் 2007-இல் வந்த தீர்ப்பு நகை விதியை ரத்து செய்யவில்லை. விலக்கு தர மறுத்ததுதான் பாகுபாடு என்றது. மதம், பண்பாட்டுக் காரணங்களுக்கு விலக்கு கேட்கும் முறையை விதிகளிலேயே எழுதச் சொல்லிப் பள்ளிக்கு உத்தரவிட்டது. நம் பள்ளிகளில் விலக்கு நடைமுறையில் இருக்கிறது, எழுத்தில்தான் இல்லை. அதனால் அது ஹெச்.எம். முகத்தைப் பொறுத்தும், பிள்ளையோடு வந்து பேச ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் கிடைக்கிறது. ஒரு துண்டுச் சீட்டு போதும்: காரணம், எந்தத் தேதி வரை, பெற்றோர் கையெழுத்து, வகுப்பாசிரியர் கையெழுத்து. பிள்ளை அதை ஐடி கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டால் கேட்டில் பேச்சே இல்லை.

ஆய்வு வகுப்பறைக்குள் நடக்கட்டும், மாதம் ஒருமுறை போதும், வகுப்பாசிரியரே பார்க்கட்டும். தொட வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளை ஆசிரியையே பார்ப்பது முறை. நோட்டில் நான்கு கட்டம்: பெயர், தேதி, என்ன குறை, எப்போது சரியாகும். ஜீரோ ஓட்டியவனுக்குக் கடைசிக் கட்டத்தில் மூன்று வாரம் தள்ளித் தேதி போட வேண்டும். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா முடிந்த வாரத்தில் ஆய்வே வைக்காமல் இருப்பது உத்தமம். அந்த வாரம் எல்லாத் தலையும் விழாவிலிருந்துதான் வந்திருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பலரும் விட்டுவிடுகிறோம். பள்ளியைச் சுற்றி இருக்கும் சலூன்கள் எப்படியும் ஏழெட்டுதான். அந்த மெஷின் நம்பர் விதியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, முன், பக்கம், பின் என மூன்று படம் போட்டு, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். கெஞ்சவும் வேண்டாம், 'ஸ்டூடன்ட்டுக்கு இப்படி வெட்டினா பாத்துக்கோங்க' என்று மிரட்டவும் வேண்டாம். அவருக்கும் அது தொழில்.

ஞாயிற்றுக்கிழமை பையன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவான். கடைக்காரர் படத்தைப் பார்ப்பார், கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்ப்பார், பிறகு பையனைப் பார்ப்பார்.

"எந்த ஸ்கூலு தம்பி?"

பதில் வருவதற்குள் இழுப்பறையைத் திறந்து இரண்டாம் நம்பர் சீப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்.