டர்னர் செய்முறைத் தேர்வுக்கு முன் நானே செய்துகொண்ட சக் கீ

பாளையங்கோட்டையிலிருந்து தினமும் சைக்கிளில் போய் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு டர்னர், அதாவது லேத் எந்திரத்தில் உலோகம் கடையும் தொழில், படித்தேன். ஒரு மாதிரித் தேர்வின்போது, ஃபோர் ஜா சக்கில் (லேத்தில் வேலைப்பொருளை நான்கு தாடைகளால் இறுக்கிப் பிடிக்கும் பகுதி) நான் பிடித்திருந்த ஜாப் கடைசலின் நடுவே நழுவிப் பாழானது. அந்தத் தாடைகளின் ஸ்க்ரூக்களைத் திருகும் சாவியான கீயின் சதுர முனை மழுங்கியிருந்ததால், எவ்வளவு திருகினாலும் ஜாக்கள் முழுமையாக இறுகவில்லை. தேர்வுக்கு முன் எனக்கென ஒரு கீயைச் செய்தே தீர்வதென்று அன்றே முடிவெடுத்தேன்.

வண்ணார்பேட்டையில் தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் லேத் பட்டறையில், விடுமுறை நாள்களில் இந்த வேலையைச் செய்தேன். பழைய கீயை அளந்து, அதே 9.6 மி.மீ. அளவில் நான் முதலில் செய்தது சக்கில் ஆடியது. "ஏலே, தேஞ்ச கீய அளந்தா தேஞ்ச கீதான் வரும், சக்கு ஓட்டைய அளந்து பாருல" என்றார் அண்ணாச்சி. நான்கு ஸ்க்ரூக்களின் துளைகளையும் வெர்னியர் அளவுகோலின் உள்தாடையால் அளந்தபோது, மிகச் சிறியதே 10.1 மி.மீ. இருந்தது. ஆகவே 10 மி.மீ. சதுரம் வைத்தேன்.

முதல் கீயைச் சாதாரண மைல்டு ஸ்டீலில் செய்ததும் தவறுதான். அதில் கார்பன் குறைவு என்பதால், சுட்டு எண்ணெயில் தோய்த்தாலும் பெரிதாகக் கெட்டிப்படாது. இரண்டாவது முறை 20 மி.மீ. இ.என்.8 என்ற, கார்பன் கூடுதலான எஃகுத் தண்டை எடுத்து, முனையை மட்டும் 14 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து, தலைப்பக்கம் கீயைத் திருகும் கைப்பிடிக் கம்பியான டாமி பாருக்கான குறுக்குத் துளையை முதலிலேயே போட்டுக்கொண்டேன். அந்தத் துளையில் கம்பியைச் செருகி வைத்தால், முதல் முகத்தைக் கம்பிக்கு இணையாகவும் அடுத்ததைச் செங்குத்தாகவும் அராவ அதுவே வழிகாட்டும்.

10 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 14.14 மி.மீ. என்பதால், 14 மி.மீ. தண்டில் மூலைகள் சற்றே மழுங்கி வரும். அது துளைக்குள் எளிதாக இறங்க உதவுகிறது. முதல் முகத்தை 2 மி.மீ. அராவியதும், அதற்கும் எதிர்ப்பக்க வளைவுக்கும் இடையே 12 மி.மீ. காட்ட வேண்டும், எதிர்முகத்தையும் அராவி முடித்ததும் 10 காட்ட வேண்டும். மற்ற இரண்டு முகங்களை அராவும்போது ஒவ்வொரு சில இழுப்புக்கும் ஒருமுறை மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். தேர்வில் அராவும் வேலை வந்தபோது கை தடுமாறாததற்கு இந்தப் பழக்கமே காரணம்.

முனையைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச் சிவக்கச் சுட்டு எண்ணெயில் தோய்த்தேன். பிறகு எமரித் தாளால் பளபளப்பாக்கி, தண்டுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடேற்றி, நீல நிறம் சதுரத்தைத் தொட்டதும் நிறுத்தினேன். இந்தப் பதப்படுத்தலைத் தவிர்த்தால் மூலை உடைந்துவிடக்கூடும்.

கீயின் கழுத்தில் ஒரு சுருள் ஸ்ப்ரிங்கையும் மாட்டுங்கள். கையை எடுத்ததும் அது கீயைச் சக்கிலிருந்து வெளியே தள்ளிவிடும். கீ சக்கிலேயே இருக்க லேத்தை ஓட்டிவிடும் பேராபத்து அதனால் வெகுவாகக் குறையும்.