ஏலாது என்று மட்டும் எழுதினால் போதாது

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள், இயலாமை என்னவென்று கேட்டிருக்கும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். "கால் ஏலாது." "பிறவியிலிருந்து." "மூளை வளர்ச்சி குறைவு." இலங்கையின் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சமூக சேவை உத்தியோகத்தராகக் கடமையாற்றிய காலம் முழுக்க நான் கையில் எடுத்த விண்ணப்பங்கள் அநேகமாக இப்படித்தான் இருந்தன. அந்த வீட்டில் காலை விடிந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என்ன நடக்கிறது என்பது அதில் ஓரிடத்திலும் இருக்காது. விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுக்கிற குழுவுக்கோ அந்த வீட்டைத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது அந்த இரண்டு சொல் மட்டும்.

கொடுப்பனவு கேட்பவர் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடும் என்றால் இது பெரிய விசயமில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் காத்திருப்போர் பட்டியல் ஒன்று எப்போதும் இருந்தது. பயனாளி ஒருவர் இறந்தோ வேறு காரணத்தாலோ இடம் வந்தால், பட்டியலில் யாருடைய நிலைமை கடினம் என்று பார்த்துத்தான் அடுத்தவரைச் சேர்ப்போம். ஆகவே நிலைமையைச் சரியாகச் சொல்லாதவர் கீழேயே கிடப்பார். பணமும் சின்னத் தொகை இல்லை. ஒரு காலத்தில் மாதம் 3,000 ரூபாவாக இருந்தது 5,000 ஆகி, பிறகு 7,500 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தின்படி அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து 10,000 ஆகியிருக்கிறது. கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது அரிசிக்கும் மருந்துக்கும் கிளினிக் போகிற ஓட்டோவுக்கும் போதுமான தொகை.

2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் தொடங்கிய பிறகு சனம் இன்னும் குழம்பிப் போயிற்று. "எங்களுக்கு அஸ்வெசும வருது, அப்ப பிள்ளைக்கு வேறயாக் கேக்க ஏலுமா மிஸ்?" என்று கேட்காத ஊர் இல்லை. குடும்பத்தின் நிலையைப் பார்த்துக் குடும்பத்துக்குக் கொடுப்பது வேறு, இயலாமை உள்ள ஆளுக்கென்று கொடுப்பது வேறு. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியிருக்கிறது. ஆனாலும் எத்தனை முறை கேட்டாலும் சொல்லத்தான் வேண்டும். கேட்காமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள்தான் கூட.

வீடுகளுக்குப் போகும்போது நான் கையாண்ட முறை, 2012 குடிசன மதிப்பீட்டில் கேட்ட கேள்விகளிலிருந்து எடுத்தது. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைத்துக்கொள்வதில், தன்னைத் தானே பராமரிப்பதில், மற்றவர்களோடு பேசிப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கிறதா என்று அதில் கேட்டார்கள். நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.7 பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது சிரமம் இருப்பதாக அப்போது தெரிய வந்தது. 16 இலட்சத்துக்கும் அதிகமான ஆட்கள். நோயின் பெயரைக் கேட்காமல் ஆளால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்பதுதான் இதன் அருமை. ஆனால் இந்தக் கேள்விகளையும் மேலோட்டமாகக் கேட்டுவிட்டு வந்தால் பயனில்லை. அதை எனக்குக் காட்டித் தந்தது வயல்கரையோரம் இருந்த ஒரு வீடு. மகனுக்கு இருபது வயது தாண்டியிருக்கும். கிணற்றடியில் நின்றபடி தாயிடம் கேட்டேன்.

"தம்பி தானாக் குளிப்பாரா அக்கா?"

"ஓம் மிஸ், குளிப்பான்."

"தண்ணி ஆரு அள்ளுற?"

"நான்தான்."

"சவுக்காரம்?"

"நான்தான் போட்டு விடுற. அவன்ட கையில நிக்காது."

"தலை துடைக்கிற?"

"அதும் நான்தான்."

"அப்ப அவர் என்ன செய்வார்?"

"நல்லா நிப்பான் மிஸ். முந்தி நிக்கவும் மாட்டான். இப்ப நிப்பான்."

அந்தத் தாய் எதையும் மறைக்கவில்லை. பிள்ளை தண்ணீருக்குப் பயந்து கத்திய காலத்தை அவர் பார்த்திருக்கிறார். இப்போது கிணற்றுக்கட்டில் அமைதியாக நிற்கிறான் என்பது அவருடைய பல வருட உழைப்பு. அதைப் பெருமையோடு "குளிப்பான்" என்று சொல்கிறார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் "தானாகக் குளிப்பார்" என்று குறித்துக்கொண்டு வந்திருந்தால், அந்தப் பிள்ளை பட்டியலில் கீழே போயிருப்பான். தாய் தன் பாட்டைத் தானே சேர்த்துச் சொல்லமாட்டார். அவருக்கு அது வேலையே இல்லை, பிள்ளை வளர்ப்பு.

அன்று எழுதியது ஒரு பக்கத்துக்கு மேல் வந்தது. குளிக்க, உடுக்க, மலசலகூடம் போக ஒவ்வொரு தடவையும் ஆள் வேண்டும். கறியில் முள் இருந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரவில் எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவான், பக்கத்தில் குளம், ஆகையால் தாய் வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் களை பிடுங்கப் போகும் நாட்களில் இவர் போவதில்லை. அந்தக் கூலியும் இந்த வீட்டுக்கு இல்லை. கடைசியில் சொன்னதை விண்ணப்பத்தில் எழுத இடமே இல்லை. தனித்தாளில் எழுதி இணைத்தேன். அதன் பிறகு யார் வந்தாலும் தனித்தாள் ஒன்று எழுதச் சொல்லுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதினோம்.

அந்தத் தாள் வைத்தியரிடமும் வேலை செய்யும். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்கு ஒரு ஆளோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். பின்னால் வரிசை வாசல் வரை நிற்கும். அந்த நேரத்தில் அவர் கிளினிக் கொப்பியைப் புரட்டி நோயின் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்துவிடுவார். பக்கவாதம் என்று எழுதினால் அது சரிதான். ஆனால் பக்கவாதம் வந்து திரும்ப நடந்து சைக்கிள் ஓடுகிறவரும் இருக்கிறார், கரண்டி பிடிக்க ஏலாமல் கிடக்கிறவரும் இருக்கிறார். மருத்துவ அறிக்கைக்குப் போகும்போது பழைய டயக்னோசிஸ் கார்டுகளோடு இந்தத் தாளையும் முதலிலேயே கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். வாசித்துப் பார்த்த வைத்தியர்கள் பலர் அறிக்கையில் இரண்டு வரி கூடுதலாக எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த இரண்டு வரி ஒரு குடும்பத்தைப் பட்டியலில் எவ்வளவு மேலே கொண்டுபோகும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத இயலாமைதான் மிகவும் பின்தங்கிப் போவது. சக்கர நாற்காலியில் வருகிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. மனநோயோடு வாழும் பெண் ஒருவர் கிளினிக் ஊசி போட்ட கிழமையில் வந்து, தலை வாரி, பொட்டு வைத்து, அமைதியாக வாங்கில் இருந்தால், "இவவுக்கு என்ன?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ஊசி பிந்தினால் அவர் சாப்பிடாமல், தூங்காமல், பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் இருக்கும் நாட்களைக் கணவனோ சகோதரியோ வந்து சொன்னால்தான் தெரியும். சொல்ல வெட்கம். ஊரில் கதை பரவும், தங்கச்சிக்குக் கலியாணம் பேச முடியாது என்ற பயம். வலிப்பும் அப்படித்தான். வலிப்பு வராத நேரத்தில் ஆளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதனால் திகதி போட்டு எழுதி வையுங்கள் என்பேன். எந்த நாள் வந்தது, எங்கே விழுந்தார், அடுப்படியிலா தெருவிலா, எத்தனை மணிநேரம் மயங்கிக் கிடந்தார். ஒரு பழைய பாடசாலைக் கொப்பி போதும். மூன்று மாதம் எழுதிய கொப்பியைப் பார்த்த பிறகு யாரும் "இவருக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லமாட்டார்கள்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், மருத்துவ அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கொப்பியின் முதல் பக்கப் பிரதி. எங்கள் பகுதியில் சிக்கிக்கொள்வது அடையாள அட்டையில். 2007இல் படுவான்கரைச் சனம் ஒரே அடியாக இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு போன ஆவணங்கள் பல. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் எழுவான்கரையில் 2004 ஆழிப்பேரலை கொண்டுபோனவையும் அப்படியே. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சேர்க்க, பரீட்சை எழுத என்று பிறப்புப் பதிவைத் திரும்ப எடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளைக்கு அந்தத் தேவை வரவில்லை. முப்பது வயதில் அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லாமல் இருந்தவர்களுக்கு பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்குத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. நடமாடும் சேவை ஊருக்கு வரும் நாளைத் தவறவிடாதீர்கள் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வைப்போம். பதிவாளரும் அடையாள அட்டைப் பிரிவும் ஒரே மண்டபத்தில் இருப்பது இவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போன காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

கேட்க மறுக்கிறவர்களும் இருந்தார்கள். மிதிவெடியில் ஒரு கால் போன சைக்கிள் கடைக்காரர் ஒருவர், "என்னை விடக் கஷ்டப்படுற ஆக்கள் இருக்காங்க மிஸ், அவங்களுக்குக் குடுங்க" என்று ஒவ்வொரு முறையும் அனுப்பிவிடுவார். அவருடைய மனதை நான் மதிக்கிறேன். ஆனால் இதைத் தருமமாக நினைத்து ஒதுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இதே உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. அரச வேலைகளில் நூற்றுக்கு 3 இடம் இவர்களுக்கென்று 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கையே சொல்கிறது. யாருடைய இரக்கத்துக்கும் இதில் இடமில்லை. மாதக் கொடுப்பனவைத் தவிர செயற்கைக் கால், முச்சக்கர வண்டி, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, வெள்ளைப் பிரம்பு, சுயதொழிலுக்கு உதவி, வீட்டுக்கு உதவி என்று கேட்க வேண்டியவை வேறும் இருக்கின்றன. அந்தக் கடைக்காரரிடம் கொடுப்பனவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுச் சுயதொழில் உதவியைப் பற்றிப் பேசினேன். அதற்கு அவர் விண்ணப்பம் நிரப்பினார். கடையில் காற்றடிக்கும் இயந்திரம் இல்லாமல் கையால் அடித்துக்கொண்டிருந்தார், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நான் இருந்த கந்தோரில் எங்கள் பிரிவு மேல்மாடியில். சாய்வுப்பாதை கிடையாது. பொதுக் கட்டடங்களில் இவர்கள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. நாங்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வேப்பமரத்தடியில் வைத்து விண்ணப்பம் நிரப்பினோம். மழைக்காலத்தில் காவலாளியின் அறையில். இதைப் பெரிய சேவையாக யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஊன்றுகோலோடு வந்த ஒருவர் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன நாளும் உண்டு. கீழே ஒரு அறை ஒதுக்கித் தாருங்கள் என்று எழுதிய கடிதங்களின் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது.

அஸ்வெசும கணக்கெடுப்புக்கு ஆட்கள் வீடு வீடாக வந்தபோது ஒரு வீட்டில் தாத்தா வாசலில் நின்று, "எங்கட வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே வலிப்போடு வாழும் பேத்தி. கௌரவத்தை விட்டு வாசலில் நின்று அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அஸ்வெசுமவுக்குத் தெரிவானவர்களின் பட்டியல் ஒட்டிய பிறகு பிள்ளையின் தாய் அழுதுகொண்டு வந்தார். மேன்முறையீடு இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்தோம். "எங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது, இரக்கம் காட்டவும்" என்று அவர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கடிதத்தில் பிள்ளையைக் காணவில்லை. புதுத்தாள் ஒன்று எடுத்தோம். கடைசியாக வலிப்பு வந்த திகதிகள், கையில் அடுப்பு சுட்ட தழும்பு, பாடசாலையை விட்ட வகுப்பு, மருந்தின் பெயரும் அளவும், தாய் வேலைக்குப் போக முடியாத நாட்கள். கிளினிக் கொப்பியின் பிரதியை அதோடு இணைத்தோம்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மேன்முறையீட்டுக்கு நாள் குறித்த செய்தி வந்ததும் கடைசிக் கிழமை வரை பார்த்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி நாட்களில் கந்தோரில் இருந்து பேச நேரம் கிடையாது. முதல் கிழமையிலேயே, காலையில், அந்த ஆளை நாள் முழுக்கப் பார்க்கிறவர் யாரோ அவரையே வரச் சொல்லுங்கள். குடும்பத்தில் படித்தவர் என்று யாரையோ அனுப்ப வேண்டாம். கொப்பியையும் எடுத்துக்கொண்டு வரட்டும்.